கோடு அழிக்கும் களிம்பு

அந்த மாலின் கிழக்கு வாசலில் பெண்களைச் சோதனை போடும் வேலை அவளுக்கு. நுழைவாயிலை ஒட்டி நீலத் துணியால் ஒரு மறைப்பு. உள்ளே ஒரு சின்ன மர மேடை. வருகிறவர்களை அதில் ஏற்றி நிறுத்தி, கைக்கருவியைத் தோளிலிருந்து கணுக்கால் வரை ஓட்ட வேண்டும். கருவி கத்தினால் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பத்து வருஷமாக இதே வேலை. கடைப்பெண்கள் முதல் கழிப்பறை கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் செக்கிங் அக்கா.

யாருக்கு மூன்று மாதம், யார் இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறார்கள், யாருக்கு மாரில் ஒரு பக்கம் இல்லை என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. "போங்கம்மா" என்பாள், அவ்வளவுதான்.

அவளுடைய சொந்த உடம்பைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இரட்டைப் பிள்ளை சுமந்தாள். இரண்டும் பெண். ஆறு நிமிஷ வித்தியாசத்தில் பிறந்ததால் ஒருத்தி மூத்தவள், ஒருத்தி இளையவள். கடைசி இரண்டு மாதம் வயிறு அவளுக்கு ஒரு முழம் முன்னால் நடந்து போனது. பெற்று இறக்கிய பிறகு தொப்புளைச் சுற்றியும் இடுப்பிலும் தோல் வெடித்த கோடுகள் அப்படியே நின்றுவிட்டன. முதலில் சிவப்பு, பிறகு வெள்ளை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. குளிக்கும்போது கண்ணில் படும், சோப்பு நுரையோடு மறந்து போகும்.

மறக்க விடாமல் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு அவள் ஸ்டூலில் ஏறி ஜன்னல் திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியதில் பழைய டீ-ஷர்ட் மேலே ஏறி வயிறு தெரிந்தது. கீழே சாப்பாட்டு மேஜையில் புருஷனும் அவன் தங்கையும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னான்.

"ஏய், சட்டைய இழுத்து விடு. நம்ம ரொட்டி வண்டித் தார்ப்பாய் மாதிரியே இருக்கு. மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு, மடிப்பு மடிப்பா."

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூத்தவளும் சிரித்தாள். இளையவள் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஸ்டூல் மேல் நின்றவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியாதா" என்று அடுத்த பேச்சு வரும், அதற்குச் சிரித்துத் தொலைப்பது மேல்.

நாத்தனார் மெயின் ரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். கிளம்பும்போது அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அண்ணி, அண்ணன் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. ஆம்பளைங்க அப்படித்தான். ஆனா நாமளும் கொஞ்சம் பாத்துக்கணும்ல? என்கிட்ட ஒண்ணு இருக்கு. வெளியூர் சரக்கு. கோடெல்லாம் போன இடம் தெரியாது."

மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கை அகல வெள்ளை டப்பா. மேலே பெயர் இல்லை, சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே பழுப்பு வெள்ளையாகக் களிம்பு, ரோஜா வாசனை.

"ரெண்டு வேளை தேய்ங்க. பத்தே நாள்ல பாருங்க."

அவள் தேய்த்தாள். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை. மூன்று வாரத்தில் தோல் மினுமினுத்தது. கோடுகள் கொஞ்சம் மங்கியது போலவும் இருந்தது. அந்த நாட்களில் அவள் கண்ணாடி முன்னால் அரை நிமிஷம் கூடுதலாக நின்றாள் என்பதை மறைப்பானேன். முப்பத்தெட்டு வயதில் அது ஒரு குற்றமா? புருஷன் ஒன்றும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று அவள் காத்திருந்ததுதான் பின்னால் நினைக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலைத் தந்தது.

மூன்றாவது மாதம் விஷயம் திசை மாறியது. வெள்ளையாக இருந்த கோடுகள் அகலமாகி ஊதா நிறத்துக்கு வந்தன. கோடே இல்லாத இடத்தில் புதுக் கோடு முளைத்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. பிறகு ஒரு நாள் தொப்புளுக்குக் கீழே, ஒரு கோட்டின் மேலேயே, மிளகு அளவில் ஒரு பரு. மறுநாள் நாலு. அந்த வாரம் முடிவதற்குள் இடுப்பைச் சுற்றி வரிசையாகக் கொப்புளங்கள், தொட்டால் உயிர் போகும் வலி.

நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அதுவா அண்ணி, உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது. நல்லதுதான். நடுவுல நிறுத்திடாதீங்க, இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்க."

அவள் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டாள்.

இப்போது அந்த யூனிபார்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றுப் புகாத கெட்டித் துணியில் பேன்ட். உள்ளே செருகிய சட்டை. அதற்கு மேல் நாலு விரல் அகலத்தில் ஒரு கறுப்பு பெல்ட். அதன் இரும்புக் கொக்கி சரியாகத் தொப்புளுக்குக் கீழே உட்காரும். ஒவ்வொரு பெண்ணின் கணுக்காலைப் பார்க்கவும் குனிய வேண்டும். குனிந்தால் கொக்கி கொப்புளத்தில் ஏறும். நிமிர்ந்தால் துணி ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை குனிகிறோம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அந்த மாதம் தெரிந்தது.

பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திப் போட்டுக்கொண்டு வந்தாள். காலை அணிவகுப்பிலேயே சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன இது, தொளதொளன்னு? வீட்டுல இருக்கிற மாதிரி வந்து நிக்கிற?"

"வயித்துல கொஞ்சம் புண்ணு சார்."

"வயித்துப் புண்ணுக்கு வேளாவேளைக்குச் சாப்பிடணும். பெல்ட்ட இறுக்கு."

இவனிடம் எங்கே புண், எப்படிப் புண் என்று எந்த வாயால் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை இறுக்கினாள்.

மதிய இடைவேளையில் கழிப்பறைக்குள் போய், ஊக்கைத் தீக்குச்சியில் காட்டி ஒவ்வொரு கொப்புளமாகக் குத்தினாள். சீழ் வந்தது, ரத்தம் வந்தது, கொஞ்ச நேரம் பாரம் குறைந்தது போலவும் இருந்தது. அடுத்த நாள் ஒன்று இருந்த இடத்தில் மூன்று. மேலே டிஷ்யூ காகிதத்தை வைத்து, அதற்கு மேல் ரோஜாக் களிம்பையும் தடவி, அதற்கு மேல் பெல்ட்டைக் கட்டினாள்.

வீட்டில் புருஷன் மூக்கைச் சுளித்தான். "என்ன நாத்தம் இது? மருந்தும் சீழுமா?" என்றான். என்ன ஏதென்று கேட்கவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். "எனக்கு ஒட்டிக்கிட்டா ரொட்டிக் கம்பெனியில உள்ளயே விட மாட்டாங்க" என்றான். மறுநாள் அவள் துண்டைத் தனியாகக் கொடியில் போடச் சொன்னான். அவள் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரம். பெரிய கைப்பையோடு ஒரு அம்மாள் மேடையில் ஏறித் திரும்பினாள். பையின் மூலை நேராக அவள் அடிவயிற்றில் இடித்தது. "அய்யோ" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் பயந்துபோய், பிறகு பயந்ததற்காகக் கோபப்பட்டு, "தள்ளிவிடுறா இவ" என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சூப்பர்வைசர் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்தான். "கஸ்டமர்கிட்ட கத்துற அளவுக்கு வந்துட்டியா? முடியலன்னா சொல்லு, ஆயிரம் பேரு வெளிய நிக்கிறாங்க."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சட்டையில் கொக்கிக்குக் கீழே ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தது குடைக்காரி.

குடைக்காரி வண்டி நிறுத்துமிடத்துக் காவலாள். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கக்கத்தில் குடை இருக்கும், அதனால் அந்தப் பெயர். அவள் குடையை விரித்து சூப்பர்வைசருக்கும் செக்கிங் அக்காவுக்கும் நடுவில் பிடித்து, அந்த மறைவிலேயே அவளை உடைமாற்றும் அறைக்கு நடத்திக்கொண்டு போனாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிப்பாவி, இத வச்சுக்கிட்டா குனிஞ்சு நிமிந்துக்கிட்டு இருந்த? எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"யாருகிட்டயும் சொல்லலயா?"

"எங்கன்னு சொல்றது?"

"சரி, அழாத. பையை எடு. இப்பவே போறோம்."

தோல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கையுறையை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தை இழுத்து வைத்து, நிதானமாகப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது.

"என்ன தடவுறீங்கம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"ஏதோ தடவியிருக்கீங்க. இந்தத் தோலு அதச் சொல்லுது."

டப்பா பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் மோந்து பார்த்து மேஜையில் வைத்தார்.

"பேரில்லாம வர்ற டப்பாவுல பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் இருக்கும், அதுவும் பலமானது. ஆரம்பத்துல தோலு பளபளன்னு ஆகும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. அப்புறம் தோலையே தின்னு மெலிசாக்கிடும். இந்த ஊதாக் கோடெல்லாம் பிள்ளை பெத்த கோடு இல்லம்மா. களிம்பு போட்ட கோடு."

"அப்ப இந்தக் கொப்புளம்?"

"முடிக்கால்ல கிருமி ஏறியிருக்கு. மெலிஞ்ச தோலு, மேல வேர்வை, இறுக்கமான துணி, பெல்ட்டு உரசல். போதாததுக்கு நீங்க ஊக்கால குத்தியிருக்கீங்க. மாத்திரை தர்றேன், முழுசாச் சாப்பிடணும். குத்தவும் கூடாது, பிதுக்கவும் கூடாது. தளர்வாப் பருத்தித் துணி போடுங்க. களிம்ப இன்னியோட நிறுத்தணும். நிறுத்தினா கொஞ்ச நாளு எரியும், சிவக்கும். பயந்துபோய்த் திரும்ப எடுத்துத் தடவிடாதீங்க. தாங்க முடியலன்னா இங்க வாங்க."

"கோடு போயிடுமா டாக்டர்?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "புண்ணு ஆறிடும். நிறம் கொஞ்சம் மங்கும். கோடு போகாதும்மா. முதல்ல இருந்த கோடும் எந்தக் களிம்புக்கும் போயிருக்காது. அதால உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்ல, விட்டிருக்கலாம்."

விட்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லை அவள் வழி நெடுகச் சுமந்துகொண்டு போனாள்.

வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் பார்லருக்குப் போனாள். மூன்று நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஒருத்தியின் முகத்தில் நாத்தனார் பசை பூசிக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று டப்பாவைக் கண்ணாடி முன்னால் வைத்தாள்.

"அண்ணி, ஆளுங்க இருக்காங்க. அப்புறம் பேசலாம்."

"இருக்கட்டும். அவங்களுக்கும் தெரியணும். இதுல ஸ்டீராய்டு இருக்காம்."

நாத்தனாரின் குரல் ஒரு படி இறங்கி, இனித்தது. "எல்லாருக்கும் ஒத்துக்கிட்டது உங்களுக்கு மட்டும் ஒத்துக்கல. உங்க உடம்பு சூட்டு உடம்பு. நாள் பூரா அந்த யூனிபார்ம்ல வெந்துட்டு என் களிம்ப குத்தம் சொன்னா எப்படி? நான் என்ன, வேணும்னா குடுத்தேன்? உங்க மேல இருக்கிற பாசத்துலதானே குடுத்தேன்?"

நாற்காலியில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. அவள் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் போன் முந்திக்கொண்டது. புருஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"அவ பொழப்புல மண்ணப் போட்டுட்டு வர்றியா? யாரு உன்னத் தடவச் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்ப?"

அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. தார்ப்பாய் என்ற வார்த்தை அன்றைக்குச் சாப்பாட்டோடு கை கழுவிக்கொண்டு போய்விட்டிருந்தது. அவள் நினைவுபடுத்தவும் இல்லை.

ஒரு வாரம் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தாள். கொப்புளங்கள் அடங்கத் தொடங்கின. எரிச்சல்தான் டாக்டர் சொன்னதற்கும் மேலே இருந்தது. ஈரத் துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்திருந்த ஒரு பிற்பகலில், பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த டப்பா நிஜமாவே கெட்டதா?"

"கெட்டதுதான். ஏன்?"

மூத்தவள் பாவாடை நுனியைத் திருகினாள். "அவளும் போடுறா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிற்று எரிச்சல் இருந்த இடம் தெரியாமல் போனது. எழுந்து இளையவளைத் தேடினாள். கூப்பிட்டதும் இளையவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் அழுதுகொண்டே பாவாடையைத் தளர்த்தினாள். ஒரு வருஷத்தில் மளமளவென்று வளர்ந்த பெண். வளர்கிற பிள்ளைகளுக்கு இடுப்பில் வருகிற சின்னக் கோடுகள் நாலைந்து வந்திருந்தன. அவற்றின் மேல் இப்போது ஊதா ஏறி, நடுவில் இரண்டு கொப்புளங்கள் சிவந்து நின்றன.

"யாரு குடுத்தா?"

"அத்தைதான். நான்தான் கேட்டேன்."

"ஏன்டி கேட்ட? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பா அன்னிக்குத் தார்ப்பாய்னு சொன்னாருல்ல? எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. எனக்கும் கோடு வந்துச்சும்மா. உன்ன மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அத்தை சொன்னாங்க, உங்கம்மா லேட்டா ஆரம்பிச்சா, நீ இப்பவே தடவு, அவள மாதிரி ஆகாதுன்னு."

அவள் பிள்ளையை அடிக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. பெண்ணுக்குத் தளர்வான துணியைக் கொடுத்து, டப்பாவை வாங்கிக்கொண்டு, அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடும் இரண்டு டப்பாவோடும் அங்கிருந்தே சுகாதார அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். குமாஸ்தா, "கொடுத்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "என் புருஷனோட தங்கச்சி" என்றாள். அவர் கண்ணாடியை இறக்கி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

புருஷனிடம் பெண்ணின் விஷயத்தைச் சொன்னபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவள் கொஞ்சம் நம்பினாள். அவன் வெளியே போய்த் தங்கையிடம் அரை மணி நேரம் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

"தெரியாமக் குடுத்துட்டா. அழறா. குடும்ப விஷயத்தக் குடும்பத்துக்குள்ள முடிச்சிருக்கலாம். ஆபீசு வரைக்கும் போய்ச் சந்தி சிரிக்க வச்சுட்டியே."

"உங்க பொண்ணு இடுப்பப் பாத்தீங்களா?"

"வயசுக்கு வந்த பொண்ண நான் எப்படிப் பாக்கிறது?"

"வயசுக்கு வந்த பொண்ணு முன்னால பேச மட்டும் தெரிஞ்சுதா?"

அவன் அதற்குப் பிறகு அவளோடு அவசியத்துக்கு மட்டுமே பேசினான்.

அலுவலகத்திலிருந்து ஆள் போனது. பார்லர் நாலு நாள் மூடியிருந்தது. ஐந்தாம் நாள் புதுப் பெயர்ப்பலகையோடு திறந்தது. டப்பாக்களில் இப்போது ஒரு பூப்படம் போட்ட சீட்டு ஒட்டியிருப்பதாகக் குடைக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவளை அழைப்பது நின்றது. புருஷன் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

மாலில் டாக்டர் சீட்டைக் காட்டினாள். சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெல்ட் போட முடியாதவர்களை முன்வாசலில் நிறுத்த முடியாது என்று பின்பக்கம் சரக்கு இறங்குகிற வாசலுக்கு மாற்றினான். அங்கே லாரிப் புகையும் அட்டைப்பெட்டிகளும்தான். குனிய வேண்டியதில்லை. செக்கிங் அக்கா என்று கூப்பிடவும் யாரும் இல்லை. லாரிக்காரர்களுக்கு அவள் "ஏம்மா".

நாலு மாதத்தில் கொப்புளங்கள் ஆறின. ஆறிய இடமெல்லாம் குழி குழியாக, கறுப்பாக நின்றது. கோடுகள் முன்னைவிட இரண்டு பங்கு அகலம். இளையவளுக்குச் சீக்கிரமே பிடித்து நிறுத்தியதால் புண் சுவடில்லாமல் போனது, ஊதாக் கோடுகள் மட்டும் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தன. ஆனால் அவள் ஓட்டப்பந்தயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அக்காவோடு ஒரே அறையில் துணி மாற்றுவதையும் நிறுத்திவிட்டாள். டாக்டரிடம் போகும்போதெல்லாம், "அம்மா, நீ வெளிய இரு" என்பாள்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் புருஷன் ஷூவை மாட்டிக்கொண்டே இளையவளைக் கேட்டான், ஏதோ திடீரென்று ஞாபகம் வந்தவன் போல:

"அந்தப் புண்ணெல்லாம் இப்ப எப்படிம்மா இருக்கு?"

இளையவள் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "உங்களுக்கு எதுக்குப்பா அது?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். "நல்லாப் பேசக் கத்துக்குடுத்திருக்க" என்றான்.

அவள் கத்துக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு அவனுடைய டிபன் டப்பாவை மூடி, மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டு, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.